குளத்துச் சேறும் பழைய காற்றும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நொய்யல் குளங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைக்கிறவன். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு குட்டை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தூர்வாரித் தண்ணீர் நிறுத்தலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினோம். சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். "தேங்கிய தண்ணீரிலிருந்து மீத்தேன்தான் வரும் அண்ணா. கரியமில வாயுவைவிட அது மோசம். குட்டை காய்ந்து கிடப்பதே உலகத்துக்கு நல்லது" என்றான். அவனே இன்னொன்றும் சொன்னான். பனியுகம் முடிந்தபோது காற்றில் மீத்தேன் இருமடங்கானதாம். அப்போது கார் ஏது, ஆலை ஏது? எல்லாம் சதுப்பு நிலங்களின் வேலை என்றால், இன்றைக்கு மனிதனைக் குறை சொல்வது எதற்கு என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. கடலுக்கடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் ஒரே நாளில் கிளம்பி உலகத்தை முடித்துவிடும் என்று ஒரு காணொளி வேறு பார்த்துப் பயந்திருக்கிறேன். என் நெல்வயலும் இந்தக் கணக்கில் சேர்த்தியா? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

உங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேங்கிய நீருக்கடியில் மீத்தேன் பிறக்கிறது. பனியுகம் முடிந்தபோது காற்றில் மீத்தேன் இருமடங்கானதும், அதில் பெரும்பங்கு சதுப்பு நிலங்களிலிருந்து வந்ததும் மெய்தான். இந்த இரண்டிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. எங்கே தவறு என்று சொல்வதற்கு நான் சேற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சித்திரையில் எங்கள் ஊர்க் குளம் வற்றி நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, அப்பாரு கரம்பை, அதாவது குளத்து வண்டல், எடுக்க வண்டி கட்டுவார். ஓரத்துச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். நடுக்குளத்தில் இன்னும் ஈரம். நான் ஒரு வேலங்குச்சியை அந்த ஈரச் சேற்றில் செருகி எடுப்பேன். செருகிய இடத்தில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பட்டாணி அளவில், சில நேரம் நெல்லிக்காய் அளவில். வந்து, ஒரு கணம் நின்று, உடையும். ஏன் அப்பாரு என்று கேட்டேன். "சேறு புளித்துக் கிடக்கிறது கண்ணு" என்றார். மாவு புளிப்பதை வைத்து அவர் சொன்ன சொல் அது. பின்னாளில் நான் படித்த எந்தப் புத்தகமும் அதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

இதே குச்சியால் இதே காரியத்தைச் செய்து பார்த்துத்தான் 1776இல் அலெசாண்ட்ரோ வோல்டா மீத்தேனைக் கண்டுபிடித்தார். பின்னாளில் மின்கலத்தை உருவாக்கியவர். வோல்ட் என்ற அலகு அவர் பெயரால் வந்தது. இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கிளறி, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த புட்டியில் குமிழிகளைப் பிடித்து, தீ வைத்துப் பார்த்தார். நீல நிறத்தில் எரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குளத்துச் சேற்றில் மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம், கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடுடையது.

அந்தப் புளிப்பு இப்படி நடக்கிறது. இலையும் தழையும் கோரையும் தண்ணீருக்கடியில் புதைகின்றன. தண்ணீர் மூடியிருப்பதால் ஆக்சிஜன் உள்ளே இறங்க வழியில்லை. காற்று இல்லாத அந்த இருட்டில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் தழையை உடைத்துப் புளித்த அமிலமும் ஹைட்ரஜனும் ஆக்குகின்றன. கடைசியாக வருகிறவை இவற்றைத் தின்று மீத்தேனை வெளியே விடுகின்றன. இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பாக்டீரியா என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1977இல் கார்ல் வோஸ் அவை பாக்டீரியாவே இல்லை, உயிர்களில் தனியொரு கிளை என்று காட்டினார். ஆர்க்கியா என்று இன்று சொல்கிறோம். ஆக்சிஜன் பட்டால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. பூமியில் ஆக்சிஜன் பெருகுவதற்கு முன்பே வாழத் தொடங்கிய பழங்குடிகள் அவை. இன்று நம் குட்டையின் அடியில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாண எரிவாயுக் கலன் இருந்தது. உங்கள் பக்கமும் பல தோட்டங்களில் இருந்திருக்கும். இரும்புத் தொப்பி நன்றாக எழும்பி நின்றால் அன்றைக்கு அடுப்புக்குக் கவலை இல்லை. மார்கழியில் மட்டும் அது பாதிக்கு மேல் எழும்பாது. அம்மா விடியற்காலையில் போய்த் தொப்பியைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் விறகை எடுத்து வந்து அடுப்பில் வைப்பார். அதே மாடு, அதே சாணம், அதே தண்ணீர். குளிர் மட்டும்தான் வேறு. சேற்று நுண்ணுயிர்களுக்கு வெப்பம் அவ்வளவு முக்கியம். ஆக, நனைந்த மண் வேண்டும், அழுகத் தழை வேண்டும், சூடு வேண்டும். மூன்றும் கூடினால் மீத்தேன் கூடும். மூன்றையும் கூட்டிக் குறைப்பது எது? மழையும் வெயிலும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பனியுகக் கதை தானாகவே விளங்கும்.

பழைய காலத்துக் காற்றில் மீத்தேன் எவ்வளவு இருந்தது என்று எப்படித் தெரியும்? அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் விழுகிற பனி உருகுவதே இல்லை. ஒரு ஆண்டுப் பனியின் மேல் அடுத்த ஆண்டுப் பனி. கீழே போகப் போக அது இறுகிக் கட்டியாகும்போது, இடுக்குகளில் இருந்த காற்று குமிழிகளாக அடைபட்டுப் போகிறது. அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனித்தண்டில் 8,00,000 ஆண்டுக் காற்று இருக்கிறது. துண்டை வெற்றிடத்தில் நொறுக்கியோ உருக்கியோ உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்து அளக்கிறார்கள். யாரும் சுவாசித்திராத காற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதன் மேல் அடுக்குகளில் இருப்பது நம் முன்னோர் சுவாசித்த காற்றுத்தான்.

அந்தக் காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளை எண்ணினால், கடும் பனியுகக் காலங்களில் மீத்தேன் ஏறத்தாழ 350. பனியுகங்களுக்கு நடுவே வந்த வெதுவெதுப்பான காலங்களில் 700 அளவில், சில வேளை கொஞ்சம் கூடுதலாக. எட்டு லட்சம் ஆண்டுகளாக இந்த இரண்டு எல்லைக்குள்தான் அது ஏறி இறங்கியிருக்கிறது. தம்பி சொன்ன "இருமடங்கு" இதுதான்.

ஏறி இறங்கியதற்குப் பெரிய காரணம் பருவமழை. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது இப்போது ஜனவரி முதல் வாரத்தில். நாம் போர்வையை இழுத்துப் போர்த்துகிற மார்கழியில்தான் சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. பூமியின் அச்சும் பாதையும் மெல்லச் சுழல்வதால் இந்த நாள் நகர்ந்துகொண்டே வருகிறது. சுற்றி வரச் சுமார் 23,000 ஆண்டுகள். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வட பாதியின் கோடையில் வந்தது. நிலம் கூடுதலாகக் காய்ந்தது, கடல் காற்று கூடுதலாக உள்ளே இழுக்கப்பட்டது, பருவமழை வலுத்தது. சகாரா பாலைவனம் புல்வெளியாக இருந்தது அப்போதுதான். சாட் ஏரி ஒரு கடல் போல விரிந்து கிடந்தது. வடக்கே பனிப்பாளங்கள் பின்வாங்கிய இடங்களில், சைபீரியாவிலும் கனடாவிலும், புதிய சதுப்புகள் பிறந்தன. நனைந்த மண், தழை, சூடு மூன்றும் உலகமெங்கும் ஒன்றாகக் கூடிய காலம். மீத்தேன் ஏறியது.

இதற்கு ஒரு சாட்சி நம் தலைமாட்டிலேயே இருக்கிறது. உங்கள் வாய்க்காலில் ஓடும் பவானித் தண்ணீர் இறங்கி வருகிற நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில், உதகைக்குப் பக்கத்துச் சாண்டிநல்லா போன்ற இடங்களில், கறுத்த முற்றாநிலக்கரிச் சேறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கையில் எடுத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடியும், நார்கள் விரலில் ஒட்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு முளைத்த புல்லின் நார் அது. காற்றுப் புகாத ஈரத்தில் மட்காமல் நின்றுவிட்டது. சில அடுக்குகள் 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கின்றன. யானைகளைப் பற்றிய ஆய்வுக்காக அறியப்பட்ட ஆர். சுகுமாரும், ஆர். ரமேஷும் அவர்களுடைய கூட்டாளிகளும் இந்தச் சேற்றிலிருக்கும் கரி (கார்பன்) அணுக்களை ஆராய்ந்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்துக்கு ஏற்ற புல்வகைகள் கனமான கரி அணுக்களைச் சற்றே கூடுதலாகச் சேர்க்கும். மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் குறைவாகச் சேர்க்கும். அடுக்குகளை அந்த முறையில் வாசித்தால், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது நீலகிரி வறண்டு கிடந்ததும், பிறகு ஈரம் கூடிக்கொண்டே வந்து சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு நல்ல மழைக்காலத்தை எட்டியதும் தெரிகிறது. அண்டார்டிகாப் பனியில் மீத்தேன் ஏறியதும் அதே காலத்தில். ஒன்று உலகின் தென்கோடிப் பனிக்கட்டி, இன்னொன்று மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய சேறு. இரண்டும் ஒரே மழையைப் பற்றிப் பேசுவதை முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் அப்படியே.

அந்த மேட்டுச் சதுப்புகளில் பலவற்றை வடிகால் வெட்டித் தோட்டமாக்கிவிட்டோம். ஆயிரமாயிரம் ஆண்டு ஏட்டைக் கிழித்து அடுப்பெரித்த கதை அது. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மீத்தேன் காற்றில் நெடுநாள் தங்குவதில்லை. ஹைட்ராக்சில் என்ற ஒரு மூலக்கூறு அதைச் சிதைத்துவிடுகிறது. சராசரி ஆயுள் சுமார் பத்து ஆண்டு. கரியமில வாயுவைப் பவானிசாகர் அணை என்று வைத்துக்கொண்டால், மீத்தேன் மதகு அகலமாகத் திறந்து கிடக்கும் சிறு குட்டை. வரத்து நின்றால் மட்டம் உடனே இறங்கும். வரத்து கூடினால் உடனே ஏறும். அதனால்தான் பழைய பருவநிலையின் திடீர் மாற்றங்கள் மீத்தேன் பதிவில் அவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன. கடந்த பனியுகத்தின்போது கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு ஏறிய சம்பவங்கள் இருபதுக்கும் மேல் நடந்திருக்கின்றன. டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டு, சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஓஷ்கர் ஆகியோர் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வடக்கு சூடானதும் வெப்பமண்டல மழைப்பட்டை வடக்கே நகர்ந்தது, ஆசியப் பருவமழை வலுத்தது, மீத்தேன் கூடவே ஏறியது. யங்கர் டிரையாஸ் என்ற குளிர்க்காலம் 12,900 ஆண்டுகளுக்கு முன்பு வந்தபோது மீத்தேன் தடாலென்று இறங்கியது. 11,700 ஆண்டுகளுக்கு முன்பு அது முடிந்ததும் ஒன்றிரண்டு நூற்றாண்டுக்குள் பழைய மட்டத்துக்குத் திரும்பியது.

எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கிட வழி இருக்கிறது. வடக்கே பிறக்கும் மீத்தேன் தெற்கே போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் சிதைந்துவிடுவதால், கிரீன்லாந்துப் பனியில் அளவு சற்றுக் கூடுதலாகவும் அண்டார்டிகாவில் குறைவாகவும் இருக்கும். பனியுகத்தின் உச்சத்தில் இந்த வித்தியாசம் சுருங்குகிறது. வடக்கத்திச் சதுப்புகள் பனிக்கடியில் போய்விட்டன, வெப்பமண்டலச் சதுப்புகள் மட்டும் மெலிந்த மூச்சில் இயங்கின என்பதற்கு அது அடையாளம்.

ஆக, பழைய காலங்களில் சதுப்பு நிலம் செய்தது எதிரொலி கொடுக்கிற வேலை. பூமியின் பாதை மாறியது, மழை மாறியது, சேறு அதற்குப் பதில் சொன்னது. அந்தப் பதில் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்தது. ஆனால் பனியுகம் விலகியதில் கரியமில வாயுவின் பங்கோடு ஒப்பிட்டால் மீத்தேனின் நேரடிப் பங்கு சிறியது.

உங்களைப் பயமுறுத்திய காணொளிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கடலடியில் பனிக்கட்டி போல உறைந்த மீத்தேன் ஏராளமாகக் கிடப்பது உண்மை. பழைய காலத்துத் திடீர் ஏற்றங்களுக்கு அது வெடித்துக் கிளம்பியதே காரணம் என்ற கருதுகோளும் அறிவியலாளர்களிடையே இருந்தது. அதைச் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். கடலடியில் லட்சக்கணக்கான ஆண்டு கிடந்த மீத்தேனில் கதிரியக்கக் கரி முழுக்கத் தேய்ந்திருக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகிவிடும். சதுப்பில் புதிதாகப் பிறந்த மீத்தேனில் அது இருக்கும். அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றில் ஒரு மாதிரிக்குச் சுமார் ஒரு டன் பனிக்கட்டி என்று வெட்டி உருக்கி, யங்கர் டிரையாஸ் முடிந்த காலத்துக் காற்றை வாசிலி பெட்ரென்கோ குழுவினர் பிரித்தெடுத்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பழைய கரி மிக மிகச் சொற்பம். ஏற்றம் முழுவதும் ஏறக்குறையப் புதுச் சேற்றிலிருந்து வந்தது. அத்தனை வேகமான வெப்ப ஏற்றத்திலும் கடலடிக் கிடங்கு வெடிக்கவில்லை. அந்தக் காணொளியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நெல்லுக்கு வருகிறேன். 11,000 ஆண்டுகளுக்கு முன்பு உச்சத்தில் இருந்த மீத்தேன், பருவமழை மெல்ல மெலிய, இறங்கிக்கொண்டே வந்தது. முந்தைய வெப்பக் காலங்களின் வழக்கப்படி அது மேலும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஏறத் தொடங்கியது. வர்ஜீனியாவின் வில்லியம் ருடிமன் 2003இல் இதைச் சுட்டிக்காட்டி, ஆசியாவில் நெல் வயலில் தண்ணீர் கட்டத் தொடங்கியதும் கால்நடை பெருகியதுமே காரணம் என்றார். 2011இல் ஜாய் சிங்காரேயர் குழுவினர் இதற்கு மறுப்பு எழுதினார்கள்: பூமியின் பாதை மாற்றத்தால் தென்பாதியில், குறிப்பாகத் தென் அமெரிக்காவில், மழை கூடியதாலேயே இந்த ஏற்றத்தை விளக்க முடியும் என்று. விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இரண்டும் கலந்தே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். நம்மைப் போன்ற நெல் நாட்டுக்காரர்களுக்கு அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சோற்றுக்காக மனிதன் கட்டிய சதுப்பு அது.

இன்னொரு செய்தியும் இங்கே நினைவுக்கு வருகிறது. கிரீன்லாந்துப் பனியில் கடந்த இரண்டாயிரம் ஆண்டு மீத்தேனின் கரி அணுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ரோமப் பேரரசும் சீனத்தின் ஹான் அரசும் செழித்த காலத்தில் விறகும் காடும் எரிந்ததன் தடயத்தைக் கண்டது. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய காலமும், ரோமக் காசு கொங்குக்கு வந்து சேர்ந்த காலமும் அதுவே. நம் உலைகளின் புகை அந்தக் கணக்கில் ஒரு துளியாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நெருக்கம்.

இனித்தான் தம்பியின் கேள்வி. 350க்கும் 700க்கும் நடுவே எட்டு லட்சம் ஆண்டு ஆடிய அந்த எண் இன்று 1,900ஐத் தாண்டி நிற்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். உலகத்துச் சதுப்புகள் பொங்கி நிறைந்த காலத்திலும் எட்டாத உயரம் இது. சதுப்பு நிலங்கள் இன்று கூடிவிடவும் இல்லை. கடந்த சில நூற்றாண்டுகளில் வடித்தும் தூர்த்தும் அவற்றைக் குறைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் மீத்தேன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் வரத்து வேறு வாய்க்கால் வழியாக வந்திருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய், மாட்டுப் பண்ணை, குப்பைமேடு, கழிவுநீர், நெல்வயல். ஆண்டுதோறும் காற்றில் சேரும் மீத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு மனிதனால் வருவது. சதுப்பு நிலங்களின் பங்கு கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில்.

"இயற்கையிலேயே நடந்ததுதானே" என்று உங்கள் தம்பி கேட்பதற்கு என் பதில்: அணைக்கு மேலே மழை பெய்து ஆறு பெருகுவது இயற்கைதான். அதற்காக, மழையே இல்லாத நாளில் மதகை உடைத்துவிட்டு வெள்ளத்துக்கு மழைதான் காரணம் என்று சொன்னால் ஊர் ஏற்குமா?

ஆனால் ஒன்று என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கிறது. 2007க்குப் பிறகு மீத்தேன் மறுபடி வேகமாக ஏறுகிறது; 2020, 2021, 2022 ஆண்டுகளில் ஏற்றம் மிகக் கடுமையாக இருந்தது. அந்த மீத்தேனின் கரி அணுக்கள் இலேசாகிக்கொண்டு வருகின்றன. அதாவது நுண்ணுயிர் வழி வந்ததன் பங்கு கூடுகிறது. அதில் ஒரு பகுதி மாடும் குப்பையும். இன்னொரு பகுதி வெப்பமண்டலச் சதுப்புகள், முக்கியமாக ஆப்பிரிக்காவில் மழை கூடி விரிந்த சதுப்புகள். நாம் ஏற்றிய சூட்டுக்குச் சேறு பதில் சொல்லத் தொடங்கிவிட்டது என்று யூவன் நிஸ்பெட் போன்ற அறிவியலாளர்கள் எழுதுகிறார்கள். பனியுகங்கள் முடிந்தபோது கொடுத்த எதிரொலியை ஒத்தது இது. சேற்றை அடைத்து அந்த எதிரொலியை நிறுத்த முடியாது. சூட்டைக் குறைத்தால்தான் அது அடங்கும். மீத்தேன் பத்தாண்டில் கரைந்துபோகிற வாயு என்பதால், குழாய்க் கசிவையும் சுரங்கத்தையும் குப்பைமேட்டையும் இன்று அடைத்தால் நம் ஆயுளுக்குள்ளேயே பலன் தெரியும். இதைச் சொல்லும்போது எனக்குச் சோர்வு வருவதில்லை.

இப்போது உங்கள் குட்டை. தூர்வாருங்கள், தண்ணீர் நிறுத்துங்கள். கீழே எவ்வளவு மீத்தேன் பிறக்கும் என்பது அதில் நீங்கள் என்ன விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோவையின் குளங்களில் சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழிவுநீரின் சத்தில் செடி கொழுக்கிறது, செத்து அடியில் படிகிறது, தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. சேற்றுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. அந்த மீத்தேனைச் சதுப்பின் பெயரில் எழுதுவது அநியாயம். நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் பெயரில் எழுத வேண்டியது அது. மழைநீர் மட்டும் வந்து, கோடையில் ஓரம் காய்ந்து, சித்திரையில் கரம்பை அள்ளப்படும் குட்டையின் கதை வேறு. காய்ந்து வெடித்த சேற்றில் காற்று இறங்குகிறது. அங்கே மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் கீழிருந்து வருவதை மேலே வருவதற்குள் பிடித்துக்கொள்கின்றன. என் அப்பாரு வண்டி வண்டியாக அள்ளிய கரம்பை, அடுத்த ஆண்டு குளத்துக்கடியில் புளித்திருக்க வேண்டிய தழை. அது காட்டு மண்ணில் காற்றோட்டமாக மட்கி சோளத்துக்கு உரமானது. அவர் மண்ணுக்காகச் செய்தார். காற்றுக்கும் அது நல்லதாக அமைந்தது. குட்டையைக் காயப்போட்டு, பிறகு அதில் ஊர்க் குப்பையைக் கொட்டி மேடாக்கினால், பத்து மடங்கு தண்ணீர் நிறுத்தியிருந்தாலும் வந்திராத தொல்லை வந்து சேரும். நிலத்தடி நீரும் போகும். ஈரோட்டுக்குப் பக்கத்து வெள்ளோடும் திருப்பூரின் நஞ்சராயன் குளமும் இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. மனிதர் கட்டிய குளங்கள்தாம் இரண்டும்.

நெல்வயலும் சேர்த்திதான் என்பதை மறைக்க மாட்டேன். நெற்பயிரின் தண்டு உள்ளே பொள்ளலானது. வேருக்குக் காற்று இறக்குகிற அதே குழல் வழியாகச் சேற்று மீத்தேன் மேலே ஏறிவிடுகிறது. ஆனால் உங்கள் கையில் மருந்தும் இருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் சொல்கிறார்களே, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று: வயலில் எந்நேரமும் தண்ணீர் நிறுத்தாமல், மண் மயிரிழை வெடிப்பு விடும் வரை காயவிட்டு அடுத்த தண்ணீர் கட்டுவது. காய்ந்த அந்த நாட்களில் மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்கி மீத்தேன் ஆர்க்கியாவின் வேலையைக் கெடுக்கிறது. மீத்தேன் 30 முதல் 50 விழுக்காடு வரை குறையும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு சூடேற்றும் வாயு சற்றுக் கூடும் என்பதால் உரத்தை அளந்து போடுங்கள். நடவு முடிந்த முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் மட்டும் ஈரம் குறையவிடாதீர்கள். தடப்பள்ளியில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் நீங்கள் பாதி அளவுக்கு இதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள்.

தம்பி அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரைக் குட்டைக்கு அழைத்துப் போங்கள். தண்ணீர் நிரப்பிய அகன்ற வாய்ப் புட்டி ஒன்று, பெரிய புனல் ஒன்று, வேலங்குச்சி ஒன்று போதும். புட்டியின் வாயில் புனலைச் செருகி, தண்ணீருக்கடியில் கவிழ்த்துப் பிடித்து, கீழே சேற்றைக் கிளறுங்கள். முதலில் வீட்டுக் கழிவு வந்து விழுகிற மூலையில் ஐந்து நிமிடம். பிறகு மழைநீர் வரும் வாய்க்கால் முகத்தில் ஐந்து நிமிடம். எதில் எவ்வளவு சேர்ந்தது என்று புட்டியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தித் தீக்குச்சி மட்டும் கிழிக்க வேண்டாம். இரண்டு கோட்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.